ஒர்புஸ், ஒர்ப, ஒர்பும்

2018-ஆம் ஆண்டு எங்கள் கல்லூரியில் ஓர் இரங்கல் கூட்டம் நடந்தது. இயற்பியல் துறை நண்பர் ஒருவரின் ஒரே மகன், பொறியியல் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தவன், சாலை விபத்தில் இறந்துபோயிருந்தான். இத்தகைய கூட்டங்களில் தமிழ்த்துறைக்காரன் பேசியே ஆக வேண்டும் என்பது எழுதப்படாத விதி. கல்யாணத்துக்கு வாழ்த்துப்பா, ஓய்வுபெறுபவருக்கு விடைமடல், இறந்தவருக்கு இரங்கலுரை என்று எங்களுக்குச் சில நிரந்தர வேலைகள் உண்டு. நானும் பேசினேன். "கணவனை இழந்தவளுக்குக் கைம்பெண் என்று பெயருண்டு. மனைவியை இழந்தவனுக்குத் தபுதாரன் என்று பெயருண்டு. பெற்றோரை இழந்த பிள்ளைக்கு அநாதை என்று பெயருண்டு. ஆனால் பிள்ளையை இழந்த பெற்றோருக்கு உலகில் எந்த மொழியிலும் பெயரில்லை. பெயர் வைக்கவும் அஞ்சும் துயரம் அது" என்றேன். அரங்கம் தேம்பியது. முன்வரிசையில் அமர்ந்திருந்த நண்பர் தலைகுனிந்து இருந்தார். அவர் மனைவி மட்டும் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

அந்த வாசகம் என்னுடையதன்று. எங்கோ படித்தது, யாரோ சொல்லக் கேட்டது. அதற்கு முன்பும் இரண்டு மூன்று இடங்களில் அதைச் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அது வேலை செய்தது. 'உலகில் எந்த மொழியிலும்' என்று ஒரு மாணவன் கட்டுரையில் எழுதினால் சிவப்பு மையால் கோடிட்டு, "எத்தனை மொழி தெரியும் உனக்கு?" என்று ஓரத்தில் எழுதுகிறவன் நான். எனக்கு அப்போது தெரிந்தவை தமிழ், ஆங்கிலம், நிகண்டுக்குத் தேவையான அளவு வடமொழி. இவ்வளவுதான்.

இலத்தீனம் அதற்கு அடுத்த ஆண்டு வந்தது. அதற்குக் காரணம் வீரமாமுனிவர். கொடுந்தமிழுக்கு அவர் இலத்தீனத்தில் எழுதிய இலக்கணம் 1738-இல் தரங்கம்பாடியில் அச்சானது. தமிழின் வேற்றுமைகளை ஓர் இத்தாலியர் எப்படிப் புரிந்துகொண்டார் என்பதை மொழிபெயர்ப்பின் வழியாக அல்லாமல் நேரடியாகப் பார்க்க வேண்டும் என்று ஓர் ஆசை. நாற்பது வயதில் வரும் ஆசைகளில் இது தீங்கற்றது என்று வீட்டிலும் அனுமதி கிடைத்தது. குருமடத்தில் பல ஆண்டுகள் இலத்தீனம் கற்பித்து ஓய்வுபெற்ற பாதிரியார் ஒருவர் சனிக்கிழமைகளில் எனக்குச் சொல்லிக்கொடுக்க ஒப்புக்கொண்டார்.

பெயரடைகளின் பாடம் வந்தபோது, எல்லாப் பாடப்புத்தகங்களும் எடுத்துக்காட்டும் 'போனுஸ்' என்ற சொல்லை அவர் தவிர்த்தார். "நல்லது எல்லாப் புத்தகத்திலும் இருக்கு சார். அதைப் பார்த்து எழுதிருவீங்க. வேற ஒண்ணு தர்றேன்" என்று சொல்லிவிட்டு, தாளில் 'ஒர்புஸ்' என்று எழுதித் தந்தார். பொருள் கேட்டேன். "தனக்குரிய ஒருவரை இழந்து நிற்கிறவர். அப்பா அம்மா இல்லாத பிள்ளையும் ஒர்புஸ்தான், பிள்ளை செத்துப்போன தகப்பனும் ஒர்புஸ்தான்" என்றார். சொல்லிவிட்டு அட்டவணைக்குக் கட்டம் போட ஆரம்பித்தார். எனக்கு அந்த அரங்கமும், நிமிர்ந்து பார்த்த அந்த அம்மாவின் முகமும் நினைவுக்கு வந்தன. அன்று நான் எழுதிய அட்டவணையில் ஏழு பிழைகள்.

இலத்தீனப் பெயரடை, தான் தழுவும் பெயரின் பால், எண், வேற்றுமை மூன்றையும் தானும் ஏற்கும். தமிழில் 'நல்ல' என்பது மாறாது; நல்ல மகன், நல்ல மகள், நல்ல பிள்ளைகளுக்கு. அங்கே அப்படியன்று. ஆண்பாலுக்கு ஒர்புஸ், பெண்பாலுக்கு ஒர்ப, இரண்டுமல்லாததற்கு ஒர்பும். நம் நல்லன், நல்லள், நல்லது என்ற குறிப்பு வினைகளை நினைத்துக்கொண்டால் ஓரளவு விளங்கும். ஆனால் நல்லன் ஒரு பயனிலை, அது வேற்றுமை ஏற்காது. ஒர்புஸ் ஏற்கும். ஆறு வேற்றுமை, மூன்று பால், இரண்டு எண் எனக் கட்டங்கள் முப்பத்தாறு. அவற்றை நிரப்பும் வடிவங்கள் பதினான்குதான். பெண்பாலில் எழுவாய் ஒர்ப; செயப்படுபொருளாகும்போது ஒர்பம்; 'அவளுடைய', 'அவளுக்கு' இரண்டுக்கும் ஒர்பை; 'அவளால்', 'அவளிடமிருந்து' என்னுமிடத்தில் ஒர்பா. ஆண்பாலில் ஒர்பும், ஒர்பீ, ஒர்போ. பன்மையில் ஒர்பீ, ஒர்பை, ஒர்ப என்று தொடங்கி, ஒர்போரும், ஒர்பாரும் என்ற நீண்ட ஆறாம் வேற்றுமை வடிவங்களைக் கடந்து, மூன்று பாலுக்கும் பொதுவான ஒர்பீஸ் என்பதில் முடியும். (இச்சொல்லில் பகரத்தை 'அன்பு' என்பதில் ஒலிப்பதுபோல் ஒலிக்க வேண்டும். அந்த வேறுபாட்டைக் காட்டத் தமிழ் எழுத்துக்கு வழியில்லை.)

ஆனால் வேறொன்றைக் காட்டத் தமிழ் எழுத்துக்கு வழியுண்டு. எனக்கு அதில் ஒரு சிறுபிள்ளைத்தனமான மகிழ்ச்சி. இலத்தீனத்தில் எழுவாயாக வரும் ஒர்ப குறில். 'அவளிடமிருந்து' என்று பொருள்படும் ஒர்பா நெடில். உரோம எழுத்தில் சாதாரணமாக அச்சிடும்போது இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். மாணவருக்கான நூல்களில் மட்டும் நெடிலின் தலைமேல் ஒரு கோடு போடுவார்கள். என் குறிப்பேட்டில் நான் எல்லாவற்றையும் தமிழில் எழுதினேன். அகரமும் ஆகாரமும் தாமாகவே பிரிந்து நின்றன. பாதிரியார் அதைப் பார்த்துச் சிரித்தார். ஒர்பை என்று நான் எழுதியதை மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் திருச்சபை உச்சரிப்பில் வளர்ந்தவர். அவருக்கு அது ஒர்பே. பழைய உரோமர் 'ஐ' போல ஒலித்தனர் என்று நூல்கள் சொல்வதைக் காட்டினேன். "இருக்கலாம். நான் அறுபது வருஷமா ஒர்பேன்னுதான் ஜெபிக்கிறேன்" என்றார்.

திருத்தந்தையின் ஆசி ஒன்று உண்டல்லவா, 'உர்பீ எத் ஒர்பீ' என்று. நகருக்கும் உலகுக்கும் என்பது பொருள். புதிதாகப் படிக்கிறவன் அதில் வரும் ஒர்பீயை இந்தச் சொல்லாக எண்ணி, நகருக்கும் ஆதரவற்றோருக்கும் என்று பொருள் சொல்லிவிடுவான், நான் சொன்னேன். அது 'ஒர்பிஸ்' (வட்டம், உலகம்) என்ற வேறு பெயர்ச்சொல்லின் நான்காம் வேற்றுமை. ஒர்புஸின் நான்காம் வேற்றுமை ஒர்போ. ஒர்பீ என்றால் 'இழந்தவனுடைய', அல்லது 'இழந்தவர்கள்'. ஓர் ஈற்றெழுத்தில் உலகமும் இழப்பும் ஒன்றாகிவிடுகின்றன என்று அன்று இரவு குறிப்பேட்டில் எழுதிவைத்தேன். மறுநாள் படித்தபோது கூச்சமாக இருந்தது. அடித்துவிட்டேன். அது வெறும் ஒலி ஒற்றுமை.

உண்மையான உறவுகள் வேறு இடத்தில் இருக்கின்றன. இந்தோ-ஐரோப்பிய மொழியியலார் இச்சொல்லுக்கு ஒரு பழைய வேரை மீட்டுருவாக்கியிருக்கிறார்கள். ஒருவரின் உரிமையிலிருந்து இன்னொருவரின் உரிமைக்கு மாறுதல், ஒரு நிலையிலிருந்து பிரிந்து மற்றொன்றுக்குப் போதல் என்பது அதன் பொருளாக இருந்திருக்க வேண்டும் என்பது பலரது கருத்து. கிரேக்கத்தில் அது 'ஓர்ஃபனோஸ்' ஆயிற்று; ஆங்கிலத்து ஆர்ஃபன் அதன் வழி வந்தது. ஆர்மீனியத்தில் 'ஓர்ப்' என்றால் அநாதை. சமஸ்கிருதத்தின் 'அர்ப்ப', 'அர்ப்பக' (சிறியது, சிறுவன்) என்பவற்றையும் இந்தக் குடும்பத்தில் சேர்ப்பர். ஜெர்மன் கிளையில் பொருள் மறுபக்கம் திரும்பியது. அங்கே 'எர்பெ' என்றால் மரபுரிமைச் சொத்து, அதைப் பெறும் வாரிசு. ஒருவர் போனதால் ஒருவர் தனித்து நிற்கிறார் என்பது ஒரு பக்கம். ஒருவர் போனதால் ஒருவருக்குச் சொத்து வருகிறது என்பது மறுபக்கம். சாவு ஒன்றுதான்.

சிலாவிய மொழிகளில் இன்னும் கீழே போயிற்று. தந்தையில்லாப் பிள்ளை யாருக்கோ உழைக்க வேண்டியவன். எனவே 'ரப்' என்றால் அடிமை, 'ரொபோத்தா' என்றால் கட்டாய உழைப்பு. செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920-இல் எழுதிய நாடகத்தில் செயற்கை மனிதர்களுக்கு ஒரு பெயர் தேவைப்பட்டபோது அவருடைய அண்ணன் யோசெஃப் சொல்லிக்கொடுத்த பெயர் 'ரோபோட்'. நம் திரைப்படச் சுவரொட்டி வரை வந்துவிட்ட அந்தச் சொல்லின் வேரில் ஓர் அநாதைப் பிள்ளை நிற்கிறான் என்பதை வகுப்பில் சொன்னால் கடைசி வரிசையும் நிமிர்ந்து உட்கார்கிறது.

இலத்தீனத்தின் சந்ததிகளில் இச்சொல் எப்படிப் பிழைத்தது என்பதும் விந்தை. ஒளியை இழந்தவன் என்ற தொடர் சுருங்கிச் சுருங்கி, ஒர்புஸ் என்றாலே பார்வையற்றவன் என்றாகிவிட்டது. இத்தாலியத்தில் 'ஒர்போ', ருமேனியத்தில் 'ஒர்ப்' இரண்டும் பார்வையற்றவரைக் குறிப்பவை. பிள்ளையை இழந்தவன் அங்கே மீண்டும் பெயரற்றவனாகிவிட்டான். ஒரு மொழிக்குள் இருந்த சொல்லும் தொலைந்துபோகும்.

சரி, உரோமர் இந்தச் சொல்லை வைத்து என்ன செய்தார்கள்? முதலில் வரி போட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். அகஸ்டஸ் காலத்தில், கி.பி. 9-இல், பாப்பியா-பொப்பேயா சட்டம் என ஒன்று வந்தது. குடிமக்கள் மணந்து பிள்ளை பெற வேண்டும் என்பதே நோக்கம். மணமாகாதவர் பிறர் உயிலால் வரும் சொத்தைப் பெற முடியாது. மணமாகியும் பிள்ளையில்லாதவர் பாதிதான் பெறலாம். அந்தப் பிள்ளையில்லாதவருக்குச் சட்டம் வைத்த பெயர் 'ஒர்பீ'. (சட்டத்துக்குத் தம் பெயரைத் தந்த இரண்டு கான்சல்களும் மணமாகாதவர்கள் என்று வரலாற்றாசிரியர் தியோ எழுதிவைத்திருக்கிறார். அரசுகளின் நகைச்சுவை பழமையானது.) பெறவே இல்லாதவரும் பெற்று இழந்தவரும் சட்டத்தின் கண்ணில் ஒரே சொல்.

ஆனால் முழுக்க ஒன்றன்று. உல்பியானுஸ் பெயரால் வழங்கும் ஒரு சிறு சட்ட நூலில், கணவனும் மனைவியும் ஒருவர் சொத்தை மற்றவர் முழுதாகப் பெறத் தகுதி எது என்று சொல்லுமிடத்தில் இறந்த பிள்ளைகளுக்கும் ஒரு கணக்கு வருகிறது. பதினான்கு வயது மகனையோ பன்னிரண்டு வயது மகளையோ இழந்திருந்தால், ஒருவர் போதும். மூன்று வயதுப் பிள்ளைகள் என்றால் இருவர் இறந்திருக்க வேண்டும். பெயர் சூட்டும் நாளைக் கடந்த சிசுக்கள் என்றால் மூவர். பெயர் சூட்டும் நாள் என்பது பெண் குழந்தைக்கு எட்டாம் நாள், ஆண் குழந்தைக்கு ஒன்பதாம் நாள். இதற்கெல்லாம் பிறகு ஒரு விலக்கு. இறந்து ஒன்றரை ஆண்டுக்குள் என்றால், எந்த வயதுக் குழந்தையாயினும் ஒன்றே போதும். ஒன்றரை ஆண்டு கழிந்தால் பழைய கணக்குத்தான்.

இந்தப் பகுதியை நான் பாதிரியாரிடம் படிக்கவில்லை; தனியாக, அகராதியோடு, இரண்டு இரவுகள் உட்கார்ந்து படித்தேன். படித்து முடித்தபோது என் அக்காவை நினைத்துக்கொண்டேன். அவள் 1988-இல் மஞ்சள் காமாலையில் இறந்தாள். பதினொரு வயது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். கை மருந்து போதும் என்று பத்து நாள் கழித்தார்கள். பிறகு டவுனுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது. உரோமச் சட்டப்படி அவள் ஓராண்டு குறைவு. ஒன்றரை ஆண்டு வரை என் தாய்க்குக் கணக்கில் வந்திருப்பாள். 1990-இல் வந்திருக்க மாட்டாள்.

இழப்புக்கு வயதுவாரியாக விலை வைத்த இந்த மக்கள் கல்மனத்தர் என்று நான் முடிவுகட்டியிருப்பேன், குயின்டிலியனைப் படித்திராவிட்டால். ஸ்பானிய மண்ணில் பிறந்து, உரோமில் அரசுச் சம்பளம் பெற்ற முதல் சொற்கலை ஆசிரியர் அவர். பேச்சாளனை உருவாக்குவது எப்படி என்று பன்னிரண்டு பாகங்களில் கி.பி. 95-ஐ ஒட்டி எழுதினார். வகுப்பறை, பாடத்திட்டம், வீட்டுப்பாடம் என்று போகும் அந்த நூலின் ஆறாம் பாகத்துக்கு அவர் எழுதிய முன்னுரை, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் சொந்த வீட்டுக்குள் நுழைகிறது. பத்தொன்பது வயது நிரம்பாத மனைவி இரண்டு மகன்களை விட்டுவிட்டு இறந்தாள். பிறகு ஐந்து வயதான இளையவன். கடைசியாக மூத்தவன், எட்டு மாதம் நோயில் கிடந்தான். இறுதியில் நினைவு தப்பிய நிலையிலும் அவன் பிதற்றியது பள்ளியையும் பாடங்களையும் பற்றித்தான் என்கிறார் தந்தை. இந்த நூலையே அந்தப் பிள்ளைக்கு விட்டுச்செல்லும் சொத்தாக நினைத்து எழுதிக்கொண்டிருந்தாராம். இப்போது அதைப் பெற ஆளில்லை.

அங்கே அவர் தம் நிலைக்குப் பயன்படுத்தும் பெயர்ச்சொல் 'ஒர்பிதாஸ்'. ஒர்புஸாக இருத்தல். அதை மீண்டும் பட்ட ஒரு புண் என்கிறார். எர்பெ என்ற ஜெர்மானியச் சொல்லுக்கும் இதற்கும் ஒரே வேர் என்று முன்பு படித்ததை இந்த முன்னுரையில்தான் உணர்ந்தேன். வாரிசு இல்லை என்பதும், பிள்ளை இல்லை என்பதும் அவருக்கு ஒரே வாக்கியமாக இருக்கின்றன. ஒரு நாட்டின் சட்டத்தில் தண்டனைக்குரிய தகுதியாக இருக்கும் சொல், அதே நாட்டின் ஆசிரியர் ஒருவருக்கு அழுவதற்கும் உதவியிருக்கிறது. பிறகு அவர் ஆறாம் பாகத்தைத் தொடர்ந்து எழுதினார். அந்தப் பாகத்தில் நகைச்சுவையைப் பற்றிய நீண்ட அதிகாரம் ஒன்றும் இருக்கிறது. அதை என்னால் இன்னும் முழுதாகப் படிக்க முடியவில்லை.

தேடத் தொடங்கியபின் மற்றவையும் வந்தன. எபிரேயத்தில் பிள்ளையை இழந்த பெற்றோருக்கு 'ஷக்கூல்' என்ற அடைமொழி இன்றும் அன்றாட வழக்கில் இருக்கிறது. அரபியில் பிள்ளையை இழந்தவள் 'தக்லா'. சமஸ்கிருதத்தில் 'மிருதவத்ஸா'; கன்று இறந்தவள் என்று சொல்லுக்குச் சொல் பொருள். நிகண்டுக்குத் தேவையான அளவு வடமொழி தெரியும் என்று மேலே எழுதினேனே, அந்த அளவு போதவில்லை. ஆக, 'உலகில் எந்த மொழியிலும்' என்பது ஒரு மேடைப் பொய். அழவைத்த பொய்.

எனினும் தமிழில் இல்லை என்பதையாவது பற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். தொல்காப்பியர் காஞ்சித் திணையில் மனைவியை இழந்தவனுக்குத் தபுதார நிலையையும், கணவனை இழந்தவளுக்குத் தாபத நிலையையும் வைக்கிறார். தாயும் மகனும் வருகிற தலைப்பெயல் நிலை என்று ஒரு துறையும் உண்டு. அதன் பொருளில் உரையாசிரியர்கள் வேறுபடுவர், எப்படியாயினும் அது துறைக்குப் பெயரே தவிர தாய்க்குப் பெயரன்று. பேச்சில் நாம் சொல்வது 'இழந்தவர்'. இதிலும் ஒரு சிக்கல் இருப்பதை ஒர்புஸைப் படித்த பிறகே கவனித்தேன். இலத்தீனத்தில் 'ஒர்ப லீபெரீஸ்' என்றால் பிள்ளைகளின் நீங்கி நிற்பவள். அந்த வேற்றுமை நம் ஐந்தாம் வேற்றுமையின் நீங்கற்பொருளோடு ஒத்தது. அவள் எதையும் செய்யவில்லை. ஒரு நிலையில் இருக்கிறாள். தமிழில் 'பிள்ளையை இழந்தாள்' என்கிறோம். நன்னூலார் இரண்டாம் வேற்றுமைப் பொருள்களில் நீத்தலையும் சேர்க்கிறார், இலக்கணப்படி குறையில்லை. ஆனால் அதே அச்சில் 'மோதிரத்தை இழந்தாள்' என்றும் சொல்லலாம். அவள் எழுவாய், இழத்தல் அவள் வினை, பிள்ளை செயப்படுபொருள். எங்கள் அம்மா முப்பது ஆண்டுகளாகப் பேசும் வாக்கியமும் அந்த அச்சில்தான் இருக்கிறது. "பத்து நாளு சும்மா இருந்து தொலச்சுட்டேனே" என்பார். கை மருந்து போதும் என்று முடிவெடுத்தவர் அப்பா. வாக்கியத்தில் அவர் இல்லை.

ஒரு நாள் அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். சட்டத்தின் கணக்கைச் சொல்லவில்லை. சொல்லை மட்டும் சொன்னேன். தமிழில் அப்படி ஒரு சொல் இல்லை அம்மா என்றேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவர் நிமிராமலே கேட்டார்:

"ஏன் இல்ல? வாரிக் குடுத்தவன்னு சொல்றது என்னவாம்?"

எனக்குப் பேச்சு வரவில்லை.

"உங்க அத்தை என்னைச் சொல்லலியா? ராணி கல்யாணத்துல மணவறைகிட்டப் போனப்ப, 'வாரிக் குடுத்தவ, செத்தத் தள்ளி நில்லு'ன்னா. நீயுந்தான் பக்கத்துல நின்ன."

நின்றிருந்தேனாம். எனக்கு நினைவில்லை. பிள்ளையை வாரிக் கொடுத்துவிட்டு நிற்கிறாள், தூக்கிக் கொடுத்தவள் என்று ஊரில் நூறு முறை கேட்டிருக்கிறேன். ஒப்பாரியில், சண்டையில், விசாரிப்பில் எல்லாம் வரும். அது ஒரு சொல் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அகராதியைப் புரட்டுகிறவனுக்குக் காது மந்தமாகிவிடுகிறது போலும். அது இரங்கும் சொல்லாகவும் இருக்கிறது, மணவறையிலிருந்து விலக்கிவைக்கும் சொல்லாகவும் இருக்கிறது. ஒர்புஸும் அப்படித்தானே இருந்தது, குயின்டிலியன் கையில் ஒன்று, சட்டத்தின் கையில் ஒன்று. இலக்கணப்படி பார்த்தால் இதுவும் வினையாலணையும் பெயர்தான், அவள்தான் எழுவாய். ஆனால் இழக்கவில்லை, தொலைக்கவில்லை. இரண்டு கைகளாலும் அள்ளிக் கொடுத்திருக்கிறாள். யாருக்கு என்பது வாக்கியத்தில் இல்லை.

"உனக்கு எது பரவாயில்லை? தொலைச்சவளா, குடுத்தவளா?" என்று கேட்டிருக்கக் கூடாது. கேட்டேன்.

"ரெண்டும் ஒண்ணுதான். நீ போயி அந்த வாத்தியார்கிட்டச் சொல்லு. இல்லாததச் சொல்லிட்டு வந்திருக்க" என்றார். பிறகு, "2011-ல கணக்கெடுக்க வந்த டீச்சர் எத்தனை பொறந்துச்சு, எத்தனை இருக்குன்னு தனித்தனியாக் கேட்டுச்சு. நாலு பொறந்துச்சு, மூணு இருக்குன்னேன். எழுதிக்கிட்டுது" என்றார். மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவத்தில் அந்த இரண்டு கேள்விகளும் உண்மையிலேயே தனித்தனியாக உண்டு. எந்த வயதில் இறந்தாலும் ஒன்றுதான்.

நண்பரின் வீட்டுக்குப் போக எனக்கு மேலும் இரண்டு மாதம் ஆயிற்று. ஐந்தாண்டுக்கு முன் பேசிய ஒரு வாசகத்தைத் திருத்துவதற்காக ஒருவர் வீட்டுக்குப் போவது எவ்வளவு அசட்டுத்தனமானது என்பது வாசல்மணியை அழுத்தும்போதுதான் உறைத்தது. கூடத்தில் பையனின் படம்; மாலை இல்லை, ஒரு சின்ன விளக்கு மட்டும். சுற்றி வளைக்காமல் சொன்னேன். அன்று மேடையில் சொன்னது தவறு, பெயர் இருக்கிறது, இலத்தீனத்தில் இருக்கிறது, வேறு மொழிகளிலும் இருக்கிறது, நம்மூர்ப் பேச்சிலும் இருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. நண்பர் இயற்பியல்காரர். தவறைத் திருத்த வருகிறவரிடம் அவருக்கு எப்போதும் மரியாதை உண்டு. "பரவால்ல சார், அன்னிக்கு யார் என்ன பேசினாங்கன்னே எனக்கு ஞாபகம் இல்ல" என்றார்.

அவர் மனைவிக்கு ஞாபகம் இருந்தது. "எனக்கு அன்னிக்குக் கோபம் சார்" என்றார். "பேரே இல்லைன்னா நாங்க மட்டுந்தான் இப்படின்னு ஆயிடுது." பிறகு, அந்தச் சொல் என்ன என்று கேட்டார். ஒர்புஸ் என்றேன்.

"எனக்கும் அதேதானா?"

"இல்லைங்க. உங்களுக்கு ஒர்ப. சாருக்கு ஒர்புஸ்."

"ரெண்டு பேருக்கும் சேர்த்து?"

"ஒர்பீ. ஆணும் பெண்ணும் சேர்ந்து வந்தா ஆண்பால் பன்மைதான் வரும்."

அவர் அதை ஒருமுறை மெல்லச் சொல்லிப் பார்த்தார். ஈற்று நெடிலைச் சரியாக நீட்டினார். நண்பர், எழுதிக் காட்டுங்கள் என்று மேசைமேல் கிடந்த மின்கட்டண ரசீதைத் திருப்பிக் கொடுத்தார். மூன்று வடிவங்களையும் தமிழில் எழுதினேன். அந்த அம்மா அதைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"அவனுக்கு?"

அந்தச் சொல் மீந்திருப்பவர்களுக்கு மட்டும்தான் என்றேன். இறந்துபோனவருக்கு அது வராது. அவர் தலையாட்டினார். ரசீதை மடித்து விளக்குக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, காப்பிக்குச் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டார்.